இரைச்சலான வேலையிடங்களில் காதுப் பாதுகாப்பு: யார் போடுகிறார்கள், யார் போடுவதில்லை, ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதுப் பாதுகாப்பு என்று இங்கே சொல்வது இரண்டு வகைச் சாதனங்களை. காதுத் துளைக்குள் வைக்கும் இயர்பிளக் ஒன்று. காதை வெளியிலிருந்து முழுக்க மூடும் இயர்மஃப் இன்னொன்று. இரண்டும் விலை அதிகமில்லாத, பெரும்பாலான தொழிற்சாலைகளில் கிடைக்கிற பொருள்கள். ஆனாலும் ஷிப்ட் நடுவே போய்ப் பார்த்தால் பாதிப் பேர் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், சிலர் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி ஏன் வருகிறது என்பதைச் சுற்றியே கீழே உள்ள கேள்விகள் எல்லாம்.

எவ்வளவு சத்தம் இருந்தால் காதுப் பாதுகாப்பு தேவை?

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேசினால்தான் அவருக்குக் கேட்கிறது என்றால், அங்கே சத்தம் 85 டெசிபலைத் தொட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளக்கும் கருவி கையில் இல்லாதபோது இந்தச் சோதனை போதும்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், நாளுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கும் நேரம் பாதியாகிறது. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு விதிப்படி 80 டெசிபலைத் தாண்டினாலே முதலாளி சாதனத்தைக் கொடுக்க வேண்டும்; 85ஐ எட்டினால் போட்டே ஆக வேண்டும். சில நாடுகளின் சட்டம் 90 வரை விடுகிறது. சட்டம் விடுகிறதே என்று காது விடாது, அதனால் 85ஐயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காது கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் போடுவதில்லை?

முதல் காரணம், இந்தக் கேடு வலிக்காது. கையில் வெட்டுப்பட்டால் அடுத்த நாளே கையுறை தேடுவோம். காது அப்படி இல்லை. உள்காதில் ஒலியைப் பிடிக்கும் மயிர்ச்செல்கள் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக அழிகின்றன. மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. ஷிப்ட் முடிந்ததும் காது அடைத்த மாதிரி இருக்கும், ‘ஙொய்ய்’ என்று இரையும், மறுநாள் காலையில் சரியாகிவிடும். ‘அதான் சரியாயிடுச்சே’ என்று நினைக்கிறோம். அந்தத் தற்காலிக மந்தமே மெல்ல மெல்ல நிரந்தரமாகிறது.

இரண்டாவது, கேட்பது ஒரேயடியாகக் குறைவதில்லை. முதலில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கூர்மையான ஒலிகள் போகின்றன. செவித்திறன் சோதனையின் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். ச, த, க போன்ற மெய்யொலிகளின் தெளிவு இந்தக் கூர்மையான ஒலிகளை நம்பித்தான் இருக்கிறது. அதனால் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது. ‘காசு’ என்றாரா, ‘காது’ என்றாரா? பாதிக்கப்பட்டவர் ‘எனக்குக் காது கேட்கலை’ என்று சொல்ல மாட்டார். ‘நீங்க எல்லாம் முணுமுணுன்னு பேசுறீங்க’ என்பார். பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.

மூன்றாவது, பலன் கண்ணுக்குத் தெரியாது, தொல்லை உடனே தெரியும். போட்டால் காது வேர்க்கும், அரிக்கும், அடுத்தவர் சொல்வது கேட்காது. போடாவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் கணக்கில் மனிதர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதில் ஆச்சரியமில்லை. ஆகவே ‘தொழிலாளிக்கு அக்கறை இல்லை’ என்று தொடங்கும் பேச்சு எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. எது அவரைக் கழற்ற வைக்கிறது என்று கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

‘போட்டால் மெஷின் சத்தம் கேட்காது, ஆள் கூப்பிட்டாலும் கேட்காது’ என்கிறார்கள். அது சாக்குதானே?

சாக்கு இல்லை. கழற்றுவதற்கான காரணங்களில் மிகவும் நியாயமானது இதுதான்.

அனுபவமுள்ள ஒரு கிரைண்டர் ஆபரேட்டரைக் கவனித்துப் பாருங்கள். சக்கரம் இரும்பில் படும்போது தலையை லேசாகச் சாய்த்து, ஒரு பக்க மஃபைக் கட்டைவிரலால் நெம்பித் திறந்து ஒரு நொடி கேட்பார். சுருதி மாறினால் அழுத்தத்தைக் குறைப்பார். பேரிங் தேய்கிறதா, டூல் மழுங்கிவிட்டதா, பெல்ட் வழுக்குகிறதா என்பதெல்லாம் அவருக்குக் காதால்தான் தெரியும். காதை மூடு என்று நாம் சொல்வதை, வேலையில் பாதியை விடு என்று சொல்வதாகவே அவர் எடுத்துக்கொள்கிறார். ஃபோர்க்லிஃப்ட்டின் ஹாரன், அபாய மணி, ‘தள்ளு, தள்ளு’ என்ற கூச்சல் இவையும் கேட்டாக வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்டது.

இங்கே ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. சத்தம் 85 டெசிபலைத் தாண்டிய இடத்தில், காது நன்றாகக் கேட்பவர் பொருத்தமான பிளக் போட்டால் பேச்சு கேட்பது பெரும்பாலும் குறைவதில்லை, சில சமயம் தெளிவாகவே கேட்கும். இரைச்சலும் பேச்சும் ஒரே அளவில் குறைகின்றன. காது திணறாமல் பேச்சைப் பிரித்தெடுக்கிறது. ஆனால் பிளக் போட்டவருக்குத் தன் குரல் தலைக்குள் முழங்கும். அதனால் தானறியாமல் குரலைத் தாழ்த்திப் பேசுவார், எதிரே இருப்பவருக்குக் கேட்காது. ‘பிளக் போட்டிருக்கும்போது வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசு’ என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்தாலே பாதி சிரமம் தீரும்.

அப்புறம், எல்லாப் பிளக்கும் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி அடைப்பதில்லை. சாதாரண நுரைப் பிளக் கூர்மையான ஒலிகளை அதிகமாக அடைக்கிறது, அதனால் எல்லாமே மங்கலாகக் கேட்கிறது. எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் சமச்சீர் பிளக்குகள் இருக்கின்றன. மெல்லிய ஒலியை உள்ளே விட்டு, பெருஞ்சத்தத்தை மட்டும் கட்டுப்படுத்தும் மின்னணு மஃப்களும் உண்டு. மெஷினைக் கேட்டு வேலை செய்பவருக்கு இவற்றைக் கொடுத்துப் பார்க்காமல், ஒரே ரகப் பிளக்கை மூட்டையாக வாங்கிப் போட்டுவிட்டு ‘போடமாட்டேங்கிறான்’ என்பது சரியில்லை.

அப்படியானால் அதிக டெசிபல் அடைப்பதை வாங்கினால் நல்லதுதானே?

இல்லை. சாதனம் போட்ட பிறகு காதுக்குள் போகும் சத்தம் 75 முதல் 80 டெசிபலுக்குள் இருப்பது நல்லது. 70க்குக் கீழே போனால் அளவுக்கு மீறி அடைத்துவிட்டோம் என்று பொருள். அந்த ஆள் உலகத்திலிருந்தே துண்டிக்கப்பட்ட மாதிரி உணர்வார். அரை மணி நேரத்தில் கழற்றிவிடுவார். பல வேலையிடங்களில் இரைச்சல் 85க்கும் 95க்கும் இடையில்தான் இருக்கிறது. அங்கே தேவைப்படுவது 10, 15 டெசிபல் குறைப்பு மட்டுமே.

பிளக் பெட்டியில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கிறது. அவ்வளவும் கிடைக்குமா?

கிடைக்காது. அது ஆய்வகத்தில், சொல்லிக்கொடுத்து, கவனமாக வைத்து அளந்த எண். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா ஒரு எளிய கணக்கு சொல்கிறது: பெட்டியில் உள்ள எண்ணிலிருந்து 7 கழித்து, மீதியில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். 33 என்றால் கையில் மிஞ்சுவது 13. அதாவது 98 டெசிபல் உள்ள இடத்தில் நிற்பவருக்கு 85 ஆகும்.

இதுவும் சராசரிக் கணக்குதான். ஒரே பிளக்கை வைத்தும் ஒருவருக்கு 30 கிடைக்கும், பக்கத்தில் நிற்பவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று அவரவர் காதிலேயே அளந்து சொல்லும் பொருத்தச் சோதனைக் கருவிகள் இப்போது இருக்கின்றன. தனக்குக் கிடைப்பது 4 டெசிபல்தான் என்று ஒருவர் திரையில் பார்க்கிறார். எடுத்துவிட்டுச் சரியாக வைத்து மறுபடி பார்க்கிறார். 22 என்று காட்டுகிறது. சுவரொட்டிகள் செய்யாத வேலையை அந்த ஐந்து நிமிடம் செய்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

நுரைப் பிளக்கை எப்படி வைப்பது?

கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். விரல்களுக்கிடையே உருட்டி, மடிப்பு விழாமல், முடிந்தவரை மெல்லிய குச்சியாக்குங்கள். வலது காது என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் காதின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த காதுக்குழாய் அப்போது நேராகும். வலது கையால் பிளக்கை உள்ளே தள்ளி, விரல்நுனியால் அப்படியே 20, 30 நொடி பிடித்திருங்கள். அது உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்தித் திறந்து பாருங்கள். சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் நன்றாக அடைத்திருக்கிறது. எதிரே நிற்பவருக்குப் பிளக்கின் பெரும்பகுதி வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால், அது பெயருக்குத்தான் இருக்கிறது.

பாதுகாப்பு வகுப்பு நடத்தினால் போடத் தொடங்குவார்களா?

என்ன மாதிரி வகுப்பு என்பதைப் பொறுத்தது. சத்தத்தின் தீமைகளைப் படம் போட்டுக் காட்டும் வகுப்பால் கிடைப்பது குறைவு. தீமை அவர்களுக்குத் தெரியும்.

நோலா பெண்டர் என்ற அமெரிக்கச் செவிலியர் அறிஞர் 1982இல் ஒரு சுகாதார மேம்பாட்டுக் கோட்பாட்டை வெளியிட்டார். ஒருவர் நல்ல பழக்கத்தைக் கைக்கொள்வது பயத்தால் மட்டும் அல்ல. அதனால் என்ன பலன் என்று நினைக்கிறார், என்ன இடைஞ்சல் என்று நினைக்கிறார், தன்னால் முடியும் என்று நம்புகிறாரா, சுற்றியுள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். சாலி லஸ்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1990களில் இதைத் தொழிற்சாலை, கட்டுமானத் தொழிலாளர்களின் காதுப் பாதுகாப்புக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ‘என்னால் இதைச் சரியாகப் போட முடியும்’ என்ற தன்னம்பிக்கை, எதிர்பார்க்கும் பலன், உணரும் இடைஞ்சல் ஆகியவை முக்கியமான காரணிகளாக அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தன.

ஆக, ஒரு மணி நேர வகுப்பு இருந்தால் பத்து நிமிடம் பேசுங்கள். மீதி நேரம் ஒவ்வொருவர் கையிலும் பிளக்கைக் கொடுத்து வைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று சரிசெய்யுங்கள்.

ரொம்ப நேரம் இல்லை, நடுவில் கொஞ்சம்தான் கழற்றுகிறேன். அதனால் என்ன?

இது பலரையும் ஏமாற்றும் இடம். 30 டெசிபல் உண்மையாகவே அடைக்கும் சாதனத்தை 8 மணி நேரமும் போட்டால் 30 கிடைக்கும். அதில் 5 நிமிடம் மட்டும் கழற்றினால் மொத்தப் பாதுகாப்பு 20க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். அரை மணி நேரம் கழற்றினால் 12. பாதி நேரம் கழற்றினால் வெறும் 3 டெசிபல்.

காரணம், டெசிபல் கூட்டல் கணக்கில் ஏறுவதல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, 30 கூடினால் 1,000 மடங்கு. பாதுகாப்பில்லாத சில நிமிடங்களில் உள்ளே போகும் ஆற்றல், பாதுகாப்போடு இருந்த மணி நேரங்களை விழுங்கிவிடுகிறது. இதனால்தான் 30 டெசிபல் அடைத்துப் பாதி நேரம் கழுத்தில் தொங்கும் மஃபைவிட, 12 டெசிபல் மட்டுமே அடைத்தாலும் நாள் முழுக்கக் காதில் இருக்கும் சாதாரணப் பிளக் மேல். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சௌகரியம்.

சக ஊழியர்கள், சூப்பர்வைசர்: இவர்களால் வித்தியாசம் வருமா?

நிறைய. புதிதாகச் சேர்ந்த பையன் முதல் வாரத்தில் யாரைப் பார்த்து வேலை பழகுகிறானோ, அவர் காதில் இருப்பதுதான் இவன் காதிலும் இருக்கும். ‘இத்தனை வருஷமா நான் போடலை, எனக்கு என்ன ஆச்சு?’ என்று ஒரு மூத்தவர் சொன்னால் எல்லா வகுப்பும் அதோடு போச்சு. (அவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.)

மேலாளர் விருந்தினரைக் கூட்டிக்கொண்டு மெஷின்களுக்கு நடுவே வெறும் காதோடு நடந்து போவது எல்லோர் கண்ணிலும் படும். ‘ரெண்டு நிமிஷம்தானே’ என்று அவர் நினைப்பார். பார்ப்பவர்களுக்கு அது, இந்த விதி நமக்கு மட்டும்தான் என்று சொல்கிறது. பிளக் டப்பாவை எங்கே வைக்கிறார்கள் என்பதும் இப்படித்தான். ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்றால் ஒன்று தொலைந்தால் அன்றைக்கு முழுக்க வெறும் காதுதான். சத்தம் தொடங்கும் வாசலிலேயே, கை எட்டும் உயரத்தில், கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

அபராதம் போட்டால்?

விதி வேண்டும், அதை ஒரே சீராக நடைமுறைப்படுத்தவும் வேண்டும். விதியே இல்லாத இடத்தில் பயன்பாடு குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் வலிக்கிற, பொருந்தாத சாதனத்தைக் கொடுத்துவிட்டு அபராதம் போட்டால், சூப்பர்வைசர் வரும்போது போட்டு, போனதும் கழற்றுவார்கள். பிளக்கின் நுனியைக் காது வாசலில் ஒட்டி வைத்துக்கொள்வதும் அப்போதுதான் தொடங்கும். பார்வைக்கு எல்லோரும் போட்டிருப்பார்கள், பாதுகாப்பு இருக்காது.

‘எல்லோரும் போடுகிறோம்’ என்று படிவத்தில் எழுதுகிறார்கள். நம்பலாமா?

அப்படியே நம்ப வேண்டாம். தானே சொல்வதற்கும் நேரில் பார்ப்பதற்கும் இடைவெளி இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. போட்ட நேரம் நினைவில் நிற்கிறது, கழற்றிய நேரம் நிற்பதில்லை. ஷிப்டின் வெவ்வேறு வேளைகளில் சும்மா நடந்து போய்ப் பாருங்கள். போடாதவரைப் பார்த்தால் பெயர் எழுதாமல் காரணத்தைக் கேளுங்கள்.

வேர்க்கிறது, வலிக்கிறது, கண்ணாடி இடிக்கிறது. இதற்கு என்ன வழி?

மாற்றுவதுதான் வழி. வெக்கையான இடத்தில் மஃப் தாங்காது, பிளக் பரவாயில்லை. கை எப்போதும் கிரீஸாக இருப்பவர்களும், அடிக்கடி போட்டுக் கழற்ற வேண்டியவர்களும் மஃபையோ தண்டு வைத்த பிளக்கையோ பயன்படுத்தலாம். கண்ணாடிச் சட்டம் மஃபின் மெத்தைக்கு அடியில் போனால் அங்கே இடைவெளி விழுந்து சில டெசிபல் கசிந்துவிடும். கண்ணாடி போடுபவருக்கும், அடர்ந்த முடியோ காதை மறைக்கும் துணியோ உள்ளவருக்கும் பிளக்தான் பொருந்தும். பெண்களில் பலருக்கும், சில ஆண்களுக்கும் காதுத் துளை சிறியது. வழக்கமான அளவுப் பிளக் அவர்களுக்கு வலிக்கும், உள்ளே போகாது. ‘போடத் தெரியலை’ என்று அவர்களைச் சொல்லுமுன் சிறிய அளவு வாங்கியிருக்கிறோமா என்று பாருங்கள். இரண்டு மூன்று ரகம் வைத்து, தொழிலாளியே தேர்ந்தெடுக்கட்டும்.

காதில் சீழ், வலி இருந்தால் பிளக் வேண்டாம். முதலில் காது மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு ஏற்கெனவே காது மந்தம். இனி போட்டு என்ன பயன்?

மீதி இருப்பதைக் காப்பாற்றலாம். அது சிறிய விஷயமில்லை. பேச்சைப் புரிந்துகொள்ள உதவுவது அந்த மீதிதான்.

ஆனால் உங்கள் சிரமம் மற்றவர்களுடையதைவிட அதிகம் என்பதும் உண்மை. மேலே சொன்னதுபோல் காது நன்றாக உள்ளவருக்குப் பிளக் பேச்சைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கூர்மையான ஒலிகளை இழந்தவருக்கு, பிளக் அதே ஒலிகளை இன்னும் அடைக்கும்போது பேச்சும் அபாய மணியும் ஒரேயடியாகக் காணாமல் போகலாம். உங்களுக்குச் சாதாரண நுரைப் பிளக் ஏற்றதல்ல. சமச்சீர் பிளக்கோ மின்னணு மஃபோ கேளுங்கள். அபாய மணியோடு சுழலும் விளக்கும் வைக்கச் சொல்லுங்கள். காதுக் கருவி அணிபவர் அதை அணைத்து வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது.

பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா? பாட்டு கேட்கும் இயர்போன்?

பஞ்சு ஏறக்குறைய ஒன்றும் அடைக்காது. இயர்போனில் இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க ஒலியைக் கூட்டுவீர்கள். அது காதுக்கு இன்னொரு சுமை.

மெஷின் சத்தத்தையே குறைக்க முடியாதா?

அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். தேய்ந்த பேரிங்கை மாற்றுவது, அதிரும் தகட்டுக்கு அடியில் ரப்பர் கொடுப்பது, காற்று வெளியேறும் இடத்தில் சைலன்சர் போடுவது, கம்ப்ரசரைத் தனி அறைக்குள் கொண்டுபோவது, சத்தம் குறைந்த மெஷினாகப் பார்த்து வாங்குவது என்று வழிகள் உண்டு. காதுப் பாதுகாப்பு இவையெல்லாம் செய்த பிறகும் மிஞ்சும் சத்தத்துக்கு. செம்பு தட்டும் தொழிலாளர்களின் காது மந்தமாவதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். முந்நூறு வருடம் கழித்தும், உலக அளவில் பெரியவர்களின் முடக்கும் செவித்திறன் இழப்பில் சுமார் 16 சதவீதம் வேலையிட இரைச்சலால் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. முழுப் பொறுப்பையும் தொழிலாளியின் காதில் ஒரு துண்டு நுரையாகச் செருகிவிட்டு நிர்வாகம் விலகிக்கொள்ள முடியாது.

100 டெசிபலுக்கு மேல் உள்ள இடத்தில் பிளக், மஃப் இரண்டும் போடலாமா?

போட வேண்டும். ஆனால் இரண்டின் எண்ணையும் கூட்டக் கூடாது. இரண்டாவது சாதனத்தால் கூடுதலாகக் கிடைப்பது 5 முதல் 10 டெசிபல்தான். அதற்கு மேல் சத்தம் மண்டையோட்டு எலும்பு வழியாகவே உள்ளே போய்விடும்.

ரசாயனம் உள்ள இடத்தில் வேலை. அதற்கும் காதுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பெயின்ட், பிசின் வேலைகளில் வரும் டொலுயீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களும், ஈயமும், கார்பன் மோனாக்சைடும் காதைப் பாதிக்கக்கூடியவை. இரைச்சலோடு சேரும்போது கேடு கூடும். அங்கே வேலை செய்பவர்களுக்கு, சத்தம் எல்லைக்குக் கீழே இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை செவித்திறன் சோதனை செய்வது நல்லது.

பிளக்கை எப்போது மாற்றுவது?

ஒருமுறை பயன்படுத்தும் நுரைப் பிளக்கைக் கழுவக் கூடாது, ஷிப்ட் முடிந்ததும் எறிந்துவிடலாம். நடுவில் அழுக்கானாலோ உருட்டினால் மறுபடி விரியாவிட்டாலோ அப்போதே. சிலிக்கான், ரப்பர் பிளக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம், கடினமாகிவிட்டால் மாற்றுங்கள். மஃபில் மெத்தை வெடித்திருந்தாலோ, தலைப்பட்டை தளர்ந்து காதை அழுத்தாமல் நின்றாலோ, மெத்தையையோ மஃபையோ மாற்ற வேண்டும்.